போனில் இறக்குவதும் ஏற்றுவதும்: பொறுப்பு யாருடையது?



சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இளைஞர் போனைக் கையில் பிடித்தபடி எம்மிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. "ஐயா, என்னோட யூடியூப் சேனலை மூடிட்டாங்க. எங்க தாத்தா பாடின காமன் கூத்துப் பாட்டெல்லாம் அதுலதான் இருந்திச்சு. தாத்தாவும் தவறிட்டாரு. பழைய போனும் ஒடஞ்சு போச்சு. வேற கொப்பி இல்ல" என்றார்.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று புதிய சினிமாப் படங்களின் காட்சிகளை வெட்டி அதே சேனலில் போட்டிருக்கிறார். படத்துக்குச் சொந்தக்காரர்கள் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். யூடியூப் விதிப்படி 90 நாட்களுக்குள் 3 பதிப்புரிமை எச்சரிக்கைகள் வந்தால் சேனலையே மூடலாம். அதிலுள்ள எல்லா வீடியோவும் போய்விடும். தாத்தாவின் பாட்டில் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் படக் காட்சியோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

"எல்லாரும்தானே போடுறாங்க ஐயா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி நம்மில் பலருக்கும் இருக்கிறது. ஆகவே இம்முறை இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

பதிப்புரிமை என்றால் என்ன?

காலையிலிருந்து மழையிலும் வெயிலிலும் நாம் பறித்த கொழுந்தை, நிறுக்கும் இடத்தில் இன்னொருவர் பேரில் எழுதிவிட்டால் சும்மா இருப்போமா? "என் கொழுந்து, என் பேரில் போடு" என்று கேட்போம் அல்லவா? பாட்டு எழுதுபவர், பாடுபவர், படம் எடுப்பவர், புத்தகம் எழுதுபவர் எல்லோருக்கும் அதே நியாயம்தான். அவர்கள் உழைப்பின் பலனும் பேரும் அவர்களுக்கே சேர வேண்டும். அதற்கான சட்ட உரிமைதான் பதிப்புரிமை.

நமது நாட்டில் இதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. இந்த உரிமை கிடைக்க எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படைத்தவுடனேயே கிடைத்துவிடும். படைத்தவரின் வாழ்நாளிலும், அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரையும் இருக்கும். நமது மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். அவர் எழுத்துக்கான உரிமை 2054 வரை உண்டு.

எது சரி, எது தவறு?

எல்லாமே குற்றம் என்று பயப்பட வேண்டாம். வெளிவந்த ஒரு படைப்பை ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு மட்டும் ஒரு கொப்பி எடுத்துக்கொள்ள நமது சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. முழுப் புத்தகத்தைப் போட்டோக் கொப்பி அடிப்பதும், கம்ப்யூட்டர் மென்பொருளைக் கொப்பி பண்ணுவதும் இதில் அடங்காது. உரிமையாளரின் நியாயமான வருமானத்தைக் கெடுக்கும் கொப்பியும் அடங்காது. இது சட்டம். இதற்கு மேல் ஒவ்வொரு தளத்துக்கும் தனி விதி உண்டு. யூடியூப்பில், அந்தத் தளமே டவுன்லோட் வசதி தந்திருந்தால் அதன் வழியாக இறக்கலாம். வேறு செயலி போட்டு இறக்குவது அதன் விதிக்கு மாறானது.

அந்தக் கொப்பியைக் காசுக்கு விற்றால், கடையில் வைத்து மற்றவர்களின் சிப்புக்கு ஏற்றிக் கொடுத்தால், இணையத்தில் ஊருக்கே பரப்பினால் அது சொந்தத் தேவை இல்லை. தெரிந்தே செய்தால் 500,000 ரூபா வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். டவுனில் கொமியூனிகேஷன் கடை போடும் நமது பிள்ளைகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

நாம் சொல்லும் சாட்டுகள்

"இந்தியப் படம்தானே, இங்கே யார் கேட்பது?" பேர்ண் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதலும் இலங்கை 1959 முதலும் சேர்ந்திருக்கின்றன. அந்த நாட்டுப் படைப்புக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு.

"இலவசமாகத்தானே கிடந்தது?" பாதையோரம் காய வைத்த மிளகாயும் யாரும் எடுக்கலாம் என்று கிடப்பதில்லை. மேலும், திருட்டுப் படம் தரும் தளங்களில் 'இதை அழுத்து, அதை இன்ஸ்டோல் பண்ணு' என்று வரும். அப்படி அழுத்தி வங்கி விபரத்தைப் பறிகொடுக்கவும் கூடும்.

"அவங்க பேரைப் போட்டிருக்கேனே?" பேர் போடுவது நல்ல பழக்கம். ஆனால் அது அனுமதி ஆகாது.

"கடைக்காரர்தான் ஏற்றித் தந்தார், குரூப்பில் வந்ததைத்தான் அனுப்பினேன்." நம் விரல் அழுத்தியதற்கு நாம்தான் பொறுப்பு. வேறொருவர் மீது பழி போட்டுத் தப்ப முடியாது.

அந்தக் காலத்தில் நாமும் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு ரெக்கோடிங் பாருக்குப் போய்க் கசெட் அடித்தவர்கள்தான். அப்போது ஒரு கசெட் ஒரு லயத்தைச் சுற்றி வரும். இப்போது ஒரு முறை அழுத்தினால் உலகமெல்லாம் போகிறது. சேதமும் அந்த அளவுக்குப் பெரிது.

பிள்ளைகளின் படிப்பு

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு சூம் வகுப்பு நமக்குப் பழகிவிட்டது. ஒரு பிள்ளைக்குக் காசு கட்டி, வகுப்பைப் பதிவு செய்து பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். கஷ்டம் எமக்குப் புரிகிறது. ஆனால் பாடம் எடுத்த ஆசிரியருக்கும் குடும்பம் இருக்கிறது. "சேர், இந்தப் பிள்ளையால் காசு கட்ட முடியல, பாடத்தைக் கொடுக்கலாமா?" என்று நேரே கேளுங்கள். மனமுவந்து தருபவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் அனுப்பாதீர்கள்.

நேர்மையாக, காசில்லாமல் கிடைப்பவையும் உண்டு. அரசாங்கப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் உள்ளன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து, மலையக நூல்கள் பலவற்றைப் படிக்கலாம்.

சட்டம் நமக்கும்தான்

இந்தச் சட்டம் சினிமாக்காரருக்கு மட்டும் உரியதல்ல. தோட்டத்து ஆயா ஒருத்தி தாலாட்டோ ஒப்பாரியோ பாடுகிறார். வெளியிலிருந்து வந்தவர் அதைப் போனில் பிடித்துப் போய், பேரும் போடாமல், விளம்பரக் காசும் எடுக்கிறார். பாடுகிறவருக்கும் கூத்தாடுகிறவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. அவர் நிகழ்த்துவதை அனுமதி பெற்றே பதிவு செய்து பரப்ப வேண்டும். நாட்டார் பாடலையும் கூத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது பற்றியும் அதே சட்டத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது. ஆகவே யாராவது பதிவு செய்ய வந்தால், எதற்கு, எங்கே போடப் போகிறீர்கள், பேர் வருமா, காசு வந்தால் பங்கு உண்டா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. அடுத்தவர் படைப்பைப் பரப்புமுன் அனுமதி கேளுங்கள். அனுப்ப விரும்பினால் உரிமையாளர் போட்ட லிங்கை அனுப்புங்கள்.

2. திருவிழா வீடியோவில் சினிமாப் பாட்டைச் சேர்க்காதீர்கள். நமது தப்பும் பறையுமே போதும்.

3. சொந்தப் பதிவுகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பென் டிரைவில் ஒன்று, உறவினரிடம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. உங்கள் வீடியோ மீது தவறான முறைப்பாடு வந்தால் பயந்து அழிக்க வேண்டாம். யூடியூப்பில் மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. எம்மிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அந்த இளைஞர் உறவினர் எல்லோரிடமும் தேடினார். கடைசியில், கீழ்ப் பிரிவிலுள்ள அவருடைய அத்தையின் போனில் தாத்தா பாடிய இரண்டு நிமிடத் துண்டு ஒன்று கிடைத்தது. மற்றதெல்லாம் போனது போனதுதான். இப்போது அவர் மற்றப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடும் பேரோடும் பதிவு செய்து வருகிறார். நமது பெரியவர்கள் இருக்கும்போதே நாமும் இதைச் செய்வோம்.