அம்மா கட்டும் கொடி: தேசிய தினமும் தேசிய சேவைக் குடும்பங்களும்

ஜூலை பிறந்ததும் ஈசூனில் எங்கள் புளோக்கின் நடைபாதைச் சுவர்களில் கொடிகள் தொங்கத் தொடங்கிவிடும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கம்பம் இல்லாமலும் வீடுகளில் தேசியக் கொடியைப் பறக்கவிடலாம் என்பது விதி. எங்கள் வீட்டுக் கொடியை அம்மா முதல் நாளே துவைத்து, இஸ்திரி போட்டு, நான்கு துணிக் கிளிப்புகளோடு கொண்டுபோய் மாட்டுவார். பிறையும் நட்சத்திரங்களும் மேலே இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்ப்பார்.

அம்மா பிறந்தது மயிலாடுதுறைப் பக்கம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஆகஸ்ட் 9 என்றால் அவருக்குப் பொது விடுமுறை, தேக்காவுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை என்ற நாள், அவ்வளவுதான். அது மாறியது தம்பியின் பெயருக்கு வந்த ஒரு கடிதத்தால். தேசிய சேவைக்குப் பதிந்துகொள்ளும்படி சொன்ன கடிதம்.

அதற்கு முன்பே எங்கள் வீட்டில் இதைப் பற்றிய பேச்சு பல இரவுகள் நடந்தது. நிரந்தரவாசத் தகுதி பெற்ற பல தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு நடக்கிறது என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வேலைக்கு வந்து தாமே விண்ணப்பித்து நிரந்தரவாசி ஆனவருக்குத் தேசிய சேவை இல்லை. அவர் வழியாகத் தகுதி பெற்ற மகனுக்கு உண்டு. பதினாறரை வயதானதும் அவர் பதிந்துகொள்ள வேண்டும். 18 வயதிலோ, படிப்பை முடித்த பிறகோ முழுநேரச் சேவைக்குச் செல்ல வேண்டும். 13 வயதிலிருந்தே, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் வெளியேறும் அனுமதி தேவை. பாட்டி வீட்டில் ஓராண்டு படிக்கட்டும் என்று பையனைச் சும்மா அனுப்பிவிட முடியாது. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பிற்காலத்தில் இங்கு படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது அவருக்குப் பாதகமாக இருக்கும். அழைப்புக்கு வராமல் சட்டத்தை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஊரில் இருந்த உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "ரெண்டு வருஷம் வீணாப் போகும், இங்க அனுப்பிடு, இன்ஜினியரிங் முடிச்சிடுவான்" என்றார் மாமா. அப்பா பதில் பேசவில்லை. பேசியது தம்பிதான். "என் கூட்டாளி எல்லாரும் போறான். நான் மட்டும் ஓடிட்டேன்னா, திரும்பி வந்து இந்த புளோக்குல எப்படி நிக்கிறது?" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்தக் கடமை எப்படி வந்தது என்பதை என் தலைமுறை பள்ளிப் பாடமாகவே படித்தது. அம்மாவுக்கு அதைச் சொல்ல நான் மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது.

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூருக்கு இருந்தது இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். அதற்கு ஐந்து மாதம் முன்பு, மார்ச் 10ஆம் தேதி, ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்திருந்தது. இந்தோனீசியா நடத்திய 'கொன்ஃப்ரன்டாசி' மோதல் காலம் அது. மூவர் உயிரிழந்தனர். குறைந்தது 33 பேர் காயமடைந்தனர். சிவப்புச் செங்கல் கட்டடம் இன்றும் டோபி காட் ரயில் நிலையத்துக்கு அருகே நிற்கிறது. எதிர்ப்புறப் புல்வெளியில் 2015ல் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அந்த வழியே ஆயிரம் முறை நடந்திருப்பேன். நின்று படித்தது தம்பி படைக்குப் போன பிறகுதான்.

தற்காப்புக்குப் பொறுப்பேற்ற டாக்டர் கோ கெங் சுவீயின் முன்னால் இருந்த கணக்கு எளிமையானது. பெரிய நிரந்தரப் படையை வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. படையே இல்லாமல் இருக்கவும் முடியாது. அதனால், எல்லாரும் கொஞ்ச காலம் வீரர்கள், பிறகு வேலைக்குத் திரும்பி அழைத்தால் வருபவர்கள் என்ற ஏற்பாடு வந்தது. 1967 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மாதம் 28ஆம் தேதி பதிவு தொடங்கியது. 1949ன் முதல் ஆறு மாதங்களில் பிறந்த சுமார் 9,000 இளையர்கள் பதிந்தனர். அவர்களில் பத்தில் ஒருவர், ஏறத்தாழ 900 பேர், முழுநேரச் சேவைக்கு எடுக்கப்பட்டனர். மறு ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் மீட்டுக்கொள்ளப்போவதாக அறிவித்தது. பொருளியலில் ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர், மலையாளிக் குடும்பங்கள் பல. ஈசூனிலும் செம்பவாங்கிலும் இன்றும் அந்தக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் தாத்தாக்கள் இருக்கிறார்கள்.

நல்ல பிள்ளை சிப்பாய் ஆகமாட்டான் என்று சீனர்களிடையே பழமொழியே உண்டு. அந்த மனத்தடையை உடைக்கத்தான் முதல் அணிக்கு ஊர் ஊராகச் சமூக மன்றங்களில் வழியனுப்பு விருந்து வைத்தார்கள். பெற்றோரையும் அழைத்து உட்காரவைத்தார்கள். தேசிய சேவைக் குடும்பத்தைச் சிறப்பிப்பது இங்கே முதல் நாளிலிருந்தே படை திரட்டும் வேலையின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

தமிழர் இந்தத் தீவில் சீருடை அணிந்தது அப்போதுதான் முதல்முறை அல்ல. 1940களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ரப்பர் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படையில் பெண்களும் இருந்தனர். நேதாஜி 1943ல் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தது இங்கே, கேத்தே கட்டடத்தில். எஸ்பிளனேட் பூங்காவில் அந்தப் படைக்கு எழுப்பிய நினைவிடத்தை 1945ல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்தனர். இடம் இதுதான் என்று காட்டும் கல் 1995ல் வைக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இறந்தவர்களை நினைவுகூர கிராஞ்சிக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒரு தரப்பினர் பேரரசுக்காகப் போரிட்டார்கள், மறு தரப்பினர் தாங்கள் பிறந்தோ பெற்றோர் வழியாகவோ அறிந்த தொலைதூர நாட்டின் விடுதலைக்காகப் போரிட்டார்கள். குடியிருக்கும் மண்ணுக்காகவே சீருடை அணிவது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு 1967க்குப் பிறகு வந்ததுதான். தேசிய தினத்தைக் கொண்டாட எனக்கிருக்கும் காரணங்களில் இதை முதலில் வைப்பேன்.

தம்பி புலாவ் தெக்கோங்கிற்குப் போன நாளில் நாங்களும் படகில் போனோம். பெற்றோருக்கு முகாமைச் சுற்றிக் காட்டுகிறார்கள், படுக்கையைக் காட்டுகிறார்கள், உணவுக்கூடத்தில் சாப்பாடும் உண்டு. பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பதைக் குடும்பமே பார்க்கலாம். திரும்பும் படகில்தான் அம்மா அழுதார். எதிர் இருக்கையில் ஒரு சீன அம்மா திசுத்தாள் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். இரண்டு பேருக்கும் பொது மொழி என்று பெரிதாக எதுவும் இல்லை. கரை சேரும்வரை ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று நினைவுக்கு வந்தது. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், வீட்டு ஆண்களைப் போரில் இழந்த பிறகும், இருக்கும் ஒரே சிறுவனின் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். வகுப்பில் அதை வீரத்தின் உச்சம் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது அப்படி எழுதமாட்டேன். எங்கள் அம்மாவுக்கு மகன் போருக்குப் போக வேண்டாம், வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வர வேண்டும். அவன் அங்கே இருப்பதே போர் வராமல் இருக்கத்தான் என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். பயம் மட்டும் போகவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. 2019 ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த பயிற்சியில் காயமடைந்த உள்ளூர் நடிகர் ஒருவர் சில நாள்களில் உயிரிழந்தார். போர்க்காலச் சேவையாளராகப் போனவர் அவர். அதன்பின் பயிற்சிகளின் வேகம் குறைக்கப்பட்டது. பாதுகாப்பு நடைமுறைகளைக் கண்காணிக்க ஆயுதப் படையில் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அமைக்கப்பட்டது. தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா முதலில் கேட்பது, "தண்ணி குடிச்சியா?" என்றுதான். "அம்மா, சார்ஜண்ட் உங்களைவிட மோசம், போத்தலைத் தலைகீழாக் கவிழ்த்துக் காட்டச் சொல்றாரு" என்பான் அவன்.

வெளிநாடுகளில் ராணுவக் குடும்பம் என்றால் தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளி என்று ஒரு பிரிவாக இருப்பார்கள். இங்கே அப்படி இல்லை. எங்கள் மாடியில் பத்து வீடு இருந்தால் பலவற்றில் பச்சைச் சீருடை காய்ந்திருக்கிறது, அல்லது காய்ந்துகொண்டிருக்கிறது. ஞாயிறு மாலை பாசிர் ரிஸ் பேருந்து முனையத்தில் போய்ப் பாருங்கள். மொட்டைத் தலைகளோடு பயிற்சி வீரர்கள் வரிசையாகப் படகுத்துறைப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாக்களின் கையில் ஒரு பை கட்டாயம் இருக்கும். எங்கள் பையில் முறுக்கு. மலாய், சீனக் கூட்டாளிகள் தீர்த்துவிடுவதால் வாரம் இரண்டு டப்பா.

அதே ஞாயிறு தேக்கா வேறு மாதிரி இருக்கும். ஒருமுறை சீருடையோடு வந்த தம்பியைக் கேம்பல் லேனில் புதுக்கோட்டைக்கார அண்ணன் ஒருவர் நிறுத்தி, "தம்பி, மிலிட்டரியா? சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் படை என்றால் நல்ல அரசாங்க வேலை. இது சம்பளம் இல்லை, படித்தொகைதான் என்று தம்பி விளக்கினான். (2025 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் பயிற்சி வீரருக்கு அது மாதம் 790 வெள்ளி.) "அப்ப நான் உன்னைவிட அதிகம் வாங்குறேன்" என்று சொல்லி, அந்த அண்ணன் தேநீர் வாங்கிக் கொடுத்துத்தான் விட்டார். இந்த ஊரின் கட்டடங்களை எழுப்புகிறவர் வாங்கிக் கொடுத்த தேநீர். தேசிய தின உரைகளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

இரண்டு ஆண்டு முடிந்தாலும் கடமை முடிவதில்லை. அதிகாரி அல்லாதவர்கள் பொதுவாக 40 வயது வரை போர்க்காலச் சேவையாளர்கள். ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கப்படலாம். வருமான இழப்பை அரசாங்கம் ஈடுகட்டுகிறது. ஆனால் நான்கு பேர் வேலை பார்க்கும் சிராங்கூன் சாலைக் கடையில் ஒருவர் இரண்டு வாரம் இல்லாவிட்டால், மீதி மூவர்தான் அந்த வேலையையும் இழுக்க வேண்டும். ஜூலை 1ஆம் தேதி ஆயுதப் படை தினத்தில் முதலாளிகளுக்கும் நன்றி சொல்லப்படுகிறது. அந்த மூவருக்கும் சேர்த்துச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 9 மாலை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் எல்லாரும் இருப்போம். உறுதிமொழி சொல்லும்போது அம்மா தமிழில்தான் சொல்வார். 1966ல் அதை எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்தவர் என்று நான் சொன்னதிலிருந்து அவருக்கு அதில் தனி உரிமை வந்துவிட்டது. தேசிய கீதத்துக்கு அப்பா நிமிர்ந்து நிற்பார். முடிந்ததும் தம்பி, "செனாங் டிரி!" என்பான். படையில் அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில்தான். அப்பா உடனே காலை அகற்றி வைத்து இளைப்பாறும் நிலையில் நிற்பார்.

சென்ற வாரம் தம்பிக்கு 'எஸ்ஏஎஃப் 100' வந்தது. முதல் மறுபயிற்சிக்கான அழைப்பு. அம்மா பரணிலிருந்து பச்சைப் பையை இறக்கி, வெயிலில் உலர்த்தப் போட்டிருக்கிறார், கொடிக்குப் பக்கத்தில்.