நனையாத சலவையா?

டிரை கிளீனிங்கில் துணி நனையாது என்று நினைக்கிறோம். நனையும் நேயர்களே, நன்றாகவே நனையும்; தண்ணீரில் இல்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் திரவத்தில் துணியைச் சுழற்றி எடுப்பார்கள். எண்ணெய், நெய்க் கறையெல்லாம் அதில் கரைந்துவிடும்.

பாயசக் கறையும் ஜூஸ் கறையும் வேறு ரகம். சர்க்கரை கரைய தண்ணீர் வேண்டுமே! காய்ந்தபின் கண்ணுக்கே தெரியாது. இஸ்திரிச் சூடு பட்டதும் பழுப்பாக எழுந்து வரும். ஆகவே கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையைக் கொடுக்கும்போது, எங்கே, என்ன கொட்டியது என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் சேலைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். அந்தத் திரவத்தின் வாடை உடம்புக்கு நல்லதல்ல. டிரை கிளீனிங்கில் அதைப் படிப்படியாகக் கைவிடும் விதியை அமெரிக்கா 2024 டிசம்பரில் கொண்டுவந்தது. வாடை போனபிறகு சேலையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சரிகைமேல் சென்ட் அடிக்க வேண்டாம். அதிலுள்ள வெள்ளி கறுத்துப்போகும். அந்துருண்டையும் சரிகையில் படக்கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் பட்டு இற்றுவிடும்.