எம்சிபி காப்பது ஏசியை அல்ல, வயரை

கோடை வந்தால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் எலக்ட்ரீஷியன்களுக்குக் கை ஓயாது. பழைய வீட்டில் புதிதாக ஏசி மாட்டியிருப்பார்கள். ராத்திரி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கும். “16-ஐக் கழட்டிட்டு 32 போட்டுடலாம் சார்” என்று யாராவது யோசனை சொல்வார். போட்டதும் விழுவது நின்றுவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எம்சிபியின் முதல் வேலை, சுவருக்குள் ஓடும் வயர் சூடேறிக் கருகாமல் காப்பது. அதனால் வயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டி எம்சிபி போடவே கூடாது. வீட்டு வயரிங்கில் 1.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு 10, 2.5-க்கு 16 அல்லது அதிகபட்சம் 20, 4-க்கு 25 என்பது பாதுகாப்பான கணக்கு.

16 என்று போட்டிருந்தால் 16-ஐத் தாண்டியதும் விழுந்துவிடாது. தரவிதிப்படி 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர், ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக்கூடாது, 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இதே கணக்கில் 32 ஆம்பியர் எம்சிபி, 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிடும். 2.5 வயர் அதைத் தாங்குமா?

லோடு கணக்கு எளிது: வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஆம்பியர் வந்துவிடும். ஒன்றரை டன் ஏசி 1,700 வாட் என்றால் 7.4 ஆம்பியர்; 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7. இரண்டு அறை ஏசியும் அந்த அடுப்பும் ஒரே லைனில் இருந்தால் 23.5 ஆகிவிடும். 16 எம்சிபி விழுவது நியாயம்தான். ஏசிக்கு எம்சிபிகள் இருக்கும் பெட்டியான டிபியிலிருந்து தனி லைன் இழுப்பதே இதற்கு வழி.

லோடு சரியாக இருந்தும் விழுகிறதா? மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை டிபியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூ லூசாக இருந்தால் வயர் முனை கருத்து, பிளாஸ்டிக் கருகிய வாடை அடிக்கும். வீட்டு எம்சிபிகள் 30 டிகிரி வெப்பத்தை வைத்து அளவிடப்பட்டவை. வெயில் காயும் சுவரில் மூடிய பெட்டிக்குள் இருந்தால், குறைந்த ஆம்பியருக்கே விழக்கூடும்.

எம்சிபியில் ஆம்பியர் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தையும் பாருங்கள். பி வகை 3 முதல் 5 மடங்கு கரண்ட் பாய்ந்தால் சட்டென்று விழும். லைட், கீசருக்கு அது போதும். ஏசியும் போர் மோட்டாரும் ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரண்டை அதிகம் இழுப்பதால், 5 முதல் 10 மடங்கில் விழும் சி வகை வேண்டும்.

ஷாக்கிலிருந்து எம்சிபி காப்பாற்றாது. அதற்கு, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக வேண்டும். போர் தண்ணீரின் உப்புப் படிந்து கீசர் காயில் வெடித்துக் கசிந்தால் விழுவது அதுதான். முடிச்சூர், வரதராஜபுரம் போல 2015-இல் வெள்ளம் புகுந்த பகுதிகளில் இது இல்லாமல் இருக்கவே கூடாது.

இனி யாராவது பெரிய எம்சிபி போடலாம் என்றால், முதலில் “வயர் எத்தனை சதுர மி.மீ.?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை மாற்ற விடாதீர்கள்.