வலியை மறைத்த நர்சு! நடுக்கடலில் ஒன்றரை நாள் போராட்டம்

போர்க்களத்தில் காயம் பட்டவர்களைக் காப்பாற்றப் புறப்பட்டது ஒரு கப்பல். அந்தக் கப்பலையே குண்டு வீசி மூழ்கடித்தார்கள். அதில் இருந்த 12 நர்சுகளில் ஒருவர்தான் உயிர் பிழைத்தார். அவர் பெயர் எலன் சாவேஜ். வயது 30.

அவருடைய கதை இது.

வெள்ளைக் கப்பல்

இரண்டாவது உலகப் போர் நடந்த காலம். நியூகினியா தீவில் ஜப்பான் படையும் ஆஸ்திரேலியப் படையும் மோதிக்கொண்டிருந்தன. காயம் அடைந்தவர்களை ஏற்றி வர, "சென்டார்" என்ற சரக்குக் கப்பலை ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றினார்கள்.

கப்பல் முழுவதும் வெள்ளை நிறம். பக்கவாட்டில் பச்சைக் கோடு. பெரிய பெரிய செஞ்சிலுவைகள். இரவிலும் தெரியும்படி விளக்குகள் எரிந்தன. ஆஸ்பத்திரிக் கப்பலைத் தாக்கக் கூடாது என்பது சர்வதேசச் சட்டம். அதனால்தான் இந்த அடையாளங்கள்.

1943-ம் ஆண்டு மே 12-ந் தேதி சிட்னி நகரில் இருந்து கப்பல் புறப்பட்டது. மாலுமிகள், டாக்டர்கள், நர்சுகள், ராணுவ மருத்துவப் படையினர் என்று மொத்தம் 332 பேர் இருந்தார்கள்.

மூன்றே நிமிடம்!

மே 14-ந் தேதி. அதிகாலை 4 மணி கடந்து சில நிமிடங்கள். கப்பல் குவீன்ஸ்லாந்து கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்தார்கள்.

"டமார்!" என்று ஒரு சத்தம். ஜப்பான் நீர்மூழ்கிக் கப்பல் விட்ட டார்பிடோ குண்டு எண்ணெய்த் தொட்டி அருகே வெடித்தது. தீ பரவியது. சுமார் மூன்றே நிமிடத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. உயிர்காப்புப் படகுகளை இறக்கக்கூட நேரம் இல்லை.

எலன் இரவு உடையோடு கடலில் குதித்தார். மூழ்கும் கப்பல் அவரையும் நீருக்குள் இழுத்தது. விலா எலும்புகள் முறிந்தன. மூக்கு உடைந்தது. காதுச் சவ்வு கிழிந்தது. எண்ணெய் மிதக்கும் நீரில் எப்படியோ மேலே வந்தார். ஒரு மிதவை கிடைத்தது.

சொல்லவே இல்லை

மிதவையில் இருந்தவர்கள் பலருக்குத் தீக்காயம். எலன் அவர்களுடைய காயங்களைக் கவனித்தார். இருந்த கொஞ்சம் உணவையும் தண்ணீரையும் அளந்து கொடுத்தார். சோர்ந்தவர்களுக்குத் தைரியம் சொன்னார். எல்லோரையும் சேர்ந்து பிரார்த்தனை செய்யச் சொன்னார்.

தனக்கு எலும்பு முறிந்திருக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை!

சுற்றிலும் சுறா மீன்கள். தூரத்தில் கப்பல்கள் போயின. வானத்தில் விமானங்கள் போயின. யாரும் இவர்களைப் பார்க்கவில்லை. மறுநாள், மே 15-ந் தேதிதான் ஒரு விமானம் இவர்களைக் கண்டது. அமெரிக்கப் போர்க்கப்பல் "மக்போர்டு" வந்து மீட்டது.

பிழைத்தவர்கள் 64 பேர். இறந்தவர்கள் 268 பேர். எலனோடு வேலை பார்த்த 11 நர்சுகளும் அதில் அடக்கம்.

66 ஆண்டுகளுக்குப் பிறகு

1944-ல் எலனுக்கு "ஜார்ஜ் பதக்கம்" வழங்கப்பட்டது. 1985-ல் அவர் காலமானார்.

கப்பலைத் தாக்கியது தங்கள் நீர்மூழ்கிதான் என்பதை, 1979-ல் வெளிவந்த ஜப்பானின் போர் வரலாறு ஒப்புக்கொண்டது. கப்பல் எங்கே கிடக்கிறது என்பது 2009-ம் ஆண்டு டிசம்பரில்தான் தெரிந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் அதுவரை காத்திருந்தன.

அந்த மிதவையில் மருந்து இல்லை, கட்டில் இல்லை. ஆனாலும் அங்கே ஓர் ஆஸ்பத்திரி நடந்தது. ஒரு நர்சு இருந்தார் அல்லவா!