தங்கவயலில் எந்தப் பேட்டை எதுவரை?

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் ரயிலில் ஏறினால் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்கள் வரும். கோலார் தங்கவயலின் ஆங்கிலச் சுருக்கமான கே.ஜி.எஃப். என்ற பெயரில் ஒரு நிலையமும் வராது. நகரசபையின் பெயர் ராபர்ட்சன்பேட்டை. தாலுகாவும் சட்டமன்றத் தொகுதியும் கே.ஜி.எஃப். கோலார் மாவட்டத்துக்குள்ளேயே கே.ஜி.எஃப்.புக்குத் தனி போலீஸ் மாவட்டம். துறைக்கு ஒரு பெயர், துறைக்கு ஒரு எல்லை.

பெயர்கள் வந்த வழி

1880-இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் பெயரே சுற்றுவட்டாரத்துக்கும் நிலைத்தது. மைசூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டொனால்டு ராபர்ட்சன் பெயரில் ராபர்ட்சன்பேட்டை எழுந்தது. வட ஆற்காட்டிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் கம்பெனி கட்டிய வீட்டு வரிசைகளில் குடியேறின. அவைதான் 'லைன்'கள். கென்னடி ஷாப்ட் என்ற சுரங்கக் குழியை ஒட்டியவை கென்னடி லைன் ஆயின.

யார் தீர்மானிப்பது?

நகரசபை எல்லையை 1964-ஆம் ஆண்டு கர்நாடக நகராட்சிகள் சட்டப்படி மாநில அரசு அறிவிக்கிறது. முதலில் வரைவு வெளியாகும். ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே இறுதி அறிவிப்பு. ஊர்ப் பெயரை மாற்ற மத்திய உள்துறையின் ஒப்புதலும் வேண்டும். 1953-இல் வகுத்த நெறிமுறைப்படி ரயில்வே, அஞ்சல், சர்வே துறைகளின் கருத்தைக் கேட்டே உள்துறை முடிவெடுக்கும். 2014-இல் பெங்களூர் 'பெங்களூரு' ஆனது இந்த வழியில்தான்.

லைன்களுக்கு இப்படி ஓர் அறிவிப்பு வழி இல்லை. நகரசபைக்கு அவை வார்டு எண்கள். அஞ்சல்காரருக்கு 563117, 563120 போன்ற பின்கோடுகள். மறுவரையறை வந்தால் வார்டு எண் மாறும். லைன் பெயர் மாறாது. ஒரே வீட்டின் ரேஷன் கார்டில் லைன் பெயரும் வரி ரசீதில் வார்டு எண்ணும் இருந்தால், இரண்டும் ஒரே முகவரிதான் என்று நிரூபிக்கும் பாடு குடியிருப்பவருக்கு.

இப்போது ஏன் அவசரம்?

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. 12,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அந்த நிலத்தில் வீட்டுரிமை கேட்கும் குடும்பத்துக்கு லைன் பெயரும் வீட்டு எண்ணுமே அடையாளம். பட்டா எழுதும் நாளில் எந்த லைன் எங்கே முடிகிறது என்ற கேள்வி வந்தே தீரும். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள்.

ஊர்ப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. மூத்த தொழிலாளர்களை உடன் வைத்து ஒவ்வொரு லைனின் நான்கு எல்லைகளையும் நகரசபை அளக்க வேண்டும். அந்தப் பட்டியலை வார்டு வரைபடத்தோடு சேர்த்து, மக்கள் ஆட்சேபம் சொல்ல வாய்ப்பளித்து, அரசிதழில் வெளியிட வேண்டும். நான்கு தலைமுறை வாழ்ந்த இடத்துக்கு அரசுப் பதிவேட்டில் ஒரு பெயர் கேட்பது சலுகை அல்ல, உரிமை.