தாத்தா ஊர்ல மட்டும் எடுக்கக் கூடாதா?

அஜ்மானில் எங்க வீட்டில் மாசக் கடைசியில் ஒரே பேச்சுதான்: அடுத்த மாசம் பெட்ரோல் ஏறுமா, இறங்குமா? வேலைக்கு தினமும் துபாய் போய் வருகிறேன். போன வாரம் பங்கில் நிற்கும்போது பத்து வயது மகள் கேட்டாள்: "அப்பா, இங்க எண்ணெய் எடுக்கலாம், தாத்தா ஊர்ல மட்டும் எடுக்கக் கூடாதா?"

புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. 2017 பிப்ரவரியில் அங்கே ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் என் அப்பாவும் உட்கார்ந்தார். "நம்ம நாட்டுலயே எடுத்தா விலை குறையுமேப்பா" என்றேன் போனில். "போர் தண்ணி கெட்டா நீ வாங்கித் தருவியா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. எண்ணெய் வளமுள்ள அமீரகத்திலேயே 2015 ஆகஸ்ட் முதல் பங்க் விலை உலகச் சந்தையைப் பார்த்து மாதாமாதம் மாறுகிறது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவில், நெடுவாசல் கிணறுகளால் எவ்வளவு குறைந்திருக்கும்? 2020ல் டெல்டாவை வேளாண் மண்டலமாக்கித் தமிழக அரசு சட்டம் போட்டது. அமீரகமும் இன்று கால்வாசி மின்சாரத்தை பராக்கா அணுமின் நிலையத்தில் எடுக்கிறது.

"இங்க பாலைவனத்துக்கும் கடலுக்கும் அடியில எடுக்கறாங்க. அங்க தாத்தா வயலுக்கு அடியில" என்றேன்.

"அப்ப நம்ம காருக்கு மட்டும் வேணுமா?"

நியாயமான கேள்வி. பங்கில் பணம் கட்டிவிட்டு, அப்பாவுக்கு போன் போட்டு அவளிடம் கொடுத்தேன்.