சிவனொளிபாத மலைக்கு ஒரு நாட் பயணம்

1344ஆம் ஆண்டளவில் புத்தளத்துக் கரையில் வந்திறங்கிய மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து மன்னனாகிய ஆரியச் சக்கரவர்த்தியிடம் ஓர் உதவியையே வேண்டி நின்றார். ஆதமின் பாதச்சுவடு பதிந்ததெனப் போற்றப்படும் மலையைத் தரிசிக்க வேண்டும் என்பதே அது. மன்னன் அவருக்குப் பல்லக்கொன்றை அளித்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று மீளும் யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தன் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கூட்டி அனுப்பினான். இச்செய்தி இப்னு பதூதாவின் பயண நூலிலே காணப்படுகின்றது. வழி தெரிந்தவரும் வேண்டிய உணவும் முன்னதாகவே ஆயத்தமான பின்னரே அப்பயணம் தொடங்கியது.

இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாதம் என்றும், முஸ்லிம்கள் பாவாதமலை என்றும் வணங்கும் அம்மலையின் உயரம் 2243 மீற்றர். இன்று பல்லக்கும் வேண்டியதில்லை, பரிவாரமும் வேண்டியதில்லை. அட்டன் வரை புகையிரதத்திலும், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை பஸ் வண்டியிலும் சென்றால், மலையில் ஏறி இறங்க ஒரு நாள் போதும். எனினும், இவ்வளவு எளிதாகிவிட்ட பயணத்திலே கால் பிடித்து, குளிரில் நடுங்கி, இருளில் வழியிலே அமர்ந்துவிடுவோரும் உளர். சிகரத்தை அடையும் வரைக்கும் திட்டமிட்டு, அதன் பின்னர் ஆவதை எண்ணாமல் விடுவதே இதற்குப் பெருங்காரணம். சிகரம் பயணத்தின் முடிவன்று. பாதி வழியே ஆகும்.

முதலிற் கணிக்க வேண்டியது நேரம். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்குள்ள தூரம் ஏழு கிலோமீற்றருக்கு மேற்படாது. சமதரையில் இதனை ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஆனால் இங்கே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில், ஏறத்தாழ 1000 மீற்றர் உயரம் ஏறவேண்டியிருக்கின்றது. ஸ்கொத்லாந்து மலையேறியாகிய நெய்ஸ்மித் என்பவர் 1892ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வகுத்தார். ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேலாக, ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணி நேரம் என்பது அக்கணக்கின் சாரம். இதன்படி உச்சியை அடைய மூன்று மணி நேரம் செல்லும். இதுவும் நடையிற் பழகியவருக்கு, இளைப்பாறாமல் ஏறுவதற்கு வகுத்த கணக்கேயாகும். முதன்முறை ஏறுவோர் நான்கு மணி நேரம் ஒதுக்குதல் தகும். குழந்தைகளும் முதியோரும் உடன் வருவாராயின், கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் நடையே முழுக் கூட்டத்தின் நடையாக வேண்டும்.

இறக்கம் எளிதென்பது பலருடைய எண்ணம். மூச்சுக்கு அது எளிது, முழங்காலுக்கு எளிதன்று. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டவாறே உடலின் பாரத்தைத் தாங்கி நிறுத்துகின்றது. களைத்த தசைக்கு இது பெருஞ்சுமையாதலால், பாதி வழியிலேயே கால்கள் நடுங்கத் தொடங்குகின்றன. இடறி விழுதலும் சுளுக்குதலும் இந்நேரத்தில் எளிதில் நேர்வன. ஆதலால் இறக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கி, கைத்தடி ஒன்றையும் உடன் கொண்டுபோதல் நன்று.

ஏற நான்கு, உச்சியில் ஒன்று, இறங்க மூன்று என எட்டு மணி நேரம் ஆகின்றது. இனி இதனை மாலையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இலங்கையில் அந்தி நேரம் மிகக் குறுகியது. ஞாயிறு மறைந்த அரை மணி நேரத்துள் இருள் சூழ்ந்துவிடும். அன்றியும், நண்பகலுக்கு முன்னரே மேகம் திரண்டு சிகரத்தை மூடிவிடுதல் மலைநாட்டின் இயல்பு. யாத்திரிகர்கள் பின்னிரவில் ஏறி, உச்சியிலே உதயத்தைக் கண்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடும் பழைய வழக்கம் இக்கணக்குக்கு முற்றும் பொருந்துகின்றது. அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்படுபவர் ஆறு மணிக்கு உச்சியை அடைவர். ஞாயிறு எழும்போது, மேற்குத் திசையில் மலையின் நிழல் முக்கோணமாய் மூடுபனியின் மேல் வீழ்ந்து கிடக்கும் அரிய காட்சியையும் சிறிது நேரம் காண்பர். பகலில் ஏற விரும்புவோர் காலை ஆறு மணிக்கே புறப்பட வேண்டும். அவர்கள், திரும்பும் நேரம் ஒன்றை அடிவாரத்திலேயே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பதினொரு மணி என்று முடிவு செய்தால், உச்சி கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் அந்நேரத்தில் திரும்பிவிட வேண்டும். களைப்பும் ஆசையும் மிகுந்த வேளையிலே செய்யும் முடிவு பெரும்பாலும் பிழைபடும்; ஆதலாலேயே அது முன்னதாகச் செய்யப்படுகின்றது.

யாத்திரைக் காலம் மார்கழிப் பூரணை தினத்திலே தொடங்கி, வைகாசியில் வரும் வெசாக் பூரணை தினத்துடன் நிறைவுறுகின்றது. இக்காலத்தில் வழியெங்கும் மின்விளக்கும் தேநீர்க் கடைகளும் உண்டு. பின்னர் தென்மேற்குப் பருவக்காற்று மழையும் மூடுபனியும் கொண்டுவர, படிகள் வழுக்கும். அட்டைக் கடியும் மிகும். யாத்திரைக் காலத்துள்ளும் இரண்டு தினங்களை விலக்குதல் நலம். பூரணை தினங்களிலும் வார இறுதியிலும் கடைசிப் படிகளில் மக்கள் நெருங்கி நிற்பராதலால் எந்தக் கணக்கும் செல்லாது. பங்குனி, சித்திரை மாதப் பிற்பகல்களில் இடிமுழக்கம் கேட்டால், இரும்புக் கைப்பிடிகளை விட்டு விலகி, உச்சிக்கு ஏறாமல் கீழே இறங்குதலே அறிவுடைமை.

ஆயிரம் மீற்றருக்கு ஆறேழு பாகை வெப்பம் குறையுமாதலால், கொழும்பிலுள்ளதைப் பார்க்கிலும் உச்சியில் ஏறத்தாழ பதினான்கு பாகை குளிர் கூடுதலாகும். ஏறும்போது வியர்வையில் நனைந்த உடை, உச்சிக் காற்றிலே உடலின் சூட்டைக் கவர்ந்துவிடும். எனவே மெல்லிய உடையுடன் ஏறி, உச்சியில் உலர்ந்த சட்டையொன்றை மாற்றி, அதன்மேற் கம்பளிச் சட்டை அணிவதே முறை. நன்கு பழகிய சப்பாத்து, மழையங்கி, கைவிளக்கு, இரண்டு லீற்றர் நீர், கருப்பட்டி, பேரீச்சம்பழம், விசுக்கோத்து என்பன போதும். சுமந்து சென்ற பையும் போத்தலும் மலையில் எஞ்சாமல் மீண்டும் கீழே வரவேண்டும்.

இப்னு பதூதா அம்மலைக்கு இரு வழிகள் இருந்தனவென எழுதியுள்ளார். ஆதமின் பெயரால் வழங்கியது கடினமானது; ஹவ்வாவின் பெயரால் வழங்கியது எளியது. கடினமான வழியால் ஏறினாலன்றி யாத்திரை நிறைவுறாதென மக்கள் கருதினர். ஆயினும், திரும்பும்போது அவர்கள் எளிய வழியாலேயே இறங்கினர். ஏறுவதற்கு வேண்டிய உறுதியும், வீடு திரும்புவதற்கு வேண்டிய நிதானமும் வேறு வேறானவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.